ராத்திரி ரெண்டு சப்பாத்தி, காலையில் 160

"ஏனுங்க, ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதானுங்க தின்னேன். காத்தால வெறும் வயித்துல பார்த்தா நூத்தி அறுபது காட்டுது. மிசினு சரியில்லையாட்ட இருக்குதுங்க."

தாராபுரத்தில் எந்த லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மிசின் சரியாகத்தான் இருக்கிறது. அந்த 160-ல் பெரும்பங்கு சப்பாத்தியிலிருந்து வந்ததல்ல. இரவெல்லாம் கல்லீரல் செய்து ரத்தத்தில் விட்டது.

நாம் சாப்பிடாத நேரத்தில் மூளை பட்டினி கிடக்காமல் சர்க்கரை கொடுப்பது கல்லீரலின் வேலை. "போதும், நிறுத்து" என்று அதற்குச் சொல்வது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டால் அந்தச் சொல்லை அது மதிப்பதில்லை. சர்க்கரை கூடுகிறது, கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் கூடக் கூட, மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையைக் கல்லீரல் இன்னும் வேகமாகச் செய்கிறது. அங்கே தேங்கியது ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் இறங்கிக் கணையத்திலும் படிகிறது. பல வருடம் இப்படிப் போனபின் இன்சுலின் சுரக்கும் செல்கள் ஓய்ந்துபோகின்றன. அன்றைக்குத்தான் "சுகர் வந்துருச்சு" என்கிறோம். அது அன்றைக்கு வந்ததில்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராய் டெய்லர் 2008-ல் முன்வைத்த விளக்கம் இது. 2011-ல் சர்க்கரைக்காரர்கள் 11 பேரை எட்டு வாரம், நாளுக்கு சுமார் 600 கலோரியில் வைத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பில் சுமார் 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அதே வாரத்தில் சாதாரண அளவுக்கு வந்தது. தொப்பைக்கு ஜிம், ஈரலுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு இன்னொரு டாக்டர் என்று நாம் மூன்றாகப் பிரித்து அலைவது ஒரே சங்கிலி. அதன் நடுக்கண்ணி கல்லீரல். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

"நாங்க காடு கரையில பாடுபடுறவங்க, எங்களுக்கு எங்கிருந்துங்க வரும்?" என்பவர்களுக்கு ஒரு பக்கத்து ஊர்ச் செய்தி. ஈரோடு மாவட்டத்து நல்லாம்பட்டி, விவசாயம் செய்கிற சாதாரணக் கிராமம். கோவை கே.எம்.சி.ஹெச். மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015-ல் அங்கே பரிசோதித்தபோது, பாதிப்பேருக்கு மேல் சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய கட்டமோ இருந்தது. பாடு இப்போது எங்கே இருக்கிறது? உழவுக்கு டிராக்டர், தண்ணீருக்குச் சொட்டு நீர்க்குழாய். மோட்டாரைப் போடத் தோட்டத்துக்கு நடந்துபோன காலமும் முடிந்தது. கட்டிலில் படுத்தபடி செல்போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. தோட்டம் அதேதான், சோறு அதேதான், நடை மட்டும் போய்விட்டது.

செய்ய வேண்டியவை

இடுப்பை அளந்து பாருங்கள். எடை மிசினைவிடத் தையல்காரர் டேப் நம்பகமானது. தொப்புளையொட்டி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான எல்லை. அங்குலத்தில் சொன்னால் முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும். "நான் பத்து வருசமா அதே 34 சைஸ் பேண்ட்டுதானுங்க" என்பது கணக்கில் சேராது. தொப்பை பெருக்கப் பெருக்க பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும். வேட்டி கட்டுபவருக்கு அந்த உறுத்தல்கூட இல்லை.

ஒல்லியாக இருப்பவரையும் அளங்கள். தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம் நம் ஆட்களுக்குக் குறைவு. சின்னக் குடோன் சீக்கிரம் நிரம்பி, மிச்சம் கல்லீரலில் இறங்குகிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், லண்டன் பேராசிரியர் யுட்கின் இருவரும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு இதைக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை இருவருக்கும் ஒன்றே, பி.எம்.ஐ. 22 சொச்சம். உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய மாமா எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை முதலில் லேபுக்கு அனுப்புங்கள்.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். கல்லடைப்புக்கோ வயிற்று வலிக்கோ எப்போதோ எடுத்த ஸ்கேனின் கடைசி வரியில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று இருக்கும். "லேசாத்தான் இருக்குதாம், ஒண்ணும் பண்ணாதாம்" என்று அது பீரோவில் துணிக்கு அடியில் போய்விட்டது. கிரேடு என்பது கொழுப்பின் அளவுக்கான குத்துமதிப்பு. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. தழும்புதான் பின்னாளில் ஈரல் சுருக்கத்துக்குக் கொண்டுபோவது.

தழும்பு இருக்குமா என்று முதல்கட்டமாகப் பார்க்க ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. சாதாரண லேப் ரிப்போர்ட்டே போதும். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, எஸ்ஜிபிடி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் முதலாவதை வகுங்கள். ஒருவருக்கு வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம் என்று வையுங்கள். 52-ஐ 48-ஆல் பெருக்க 2,496. 210-ஐ 8-ஆல் பெருக்க 1,680. வகுத்தால் ஏறக்குறைய 1.49. விடை 1.3-க்குக் கீழே என்றால் இப்போதைக்குக் கவலை இல்லை. 2.67-க்கு மேல் என்றால் ஈரல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஆள் இடையில் நிற்கிறார், ஈரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது நல்லது. 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்வார்கள். கூகுளில் போட்டால் போனே கணக்குப் போட்டுத் தரும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறிவையுங்கள். 80 கிலோ ஆள் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் வீக்கம் அடங்கவும், பலருக்குத் தழும்பேகூடக் குறையவும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை வைத்து பிரிட்டனில் நடத்திய டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை எல்லைக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். வந்து இருபது வருடம் ஆனவர் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. புதிதாக வந்தவர் ஒத்திப்போடவும் கூடாது.

தட்டில் சோற்றைக் குழம்பின் இடத்துக்குத் தள்ளுங்கள். நம் ஊர் வழக்கத்தில் சோறு மலை, குழம்பு ஓடை, பொரியல் ஓரம். இதைத் திருப்பிப் போட வெளியூர்ச் சாமான் எதுவும் வேண்டாம். பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, மூலனூர் முருங்கைக்காய், கீரை எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதலில் பொரியலும் கடைசலும் இரண்டு கரண்டி, பிறகு சோறு ஒரு கரண்டி. அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தால் ருசி ஒன்றும் கெடாது. முட்டை, மீன், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி எதற்கும் தடை இல்லை. கறிக்குழம்பு வைத்த அன்றைக்கு மட்டும் சோறு மூன்று தடவை போடுகிறோமே, அதுதான் தகராறு.

கொள்ளுக்கு ஒரு வார்த்தை. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்பி, மூன்று வேளையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு மேலே கொள்ளு ரசம் குடிப்பவர்கள் உண்டு. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் மருந்தல்ல. 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, பசி தாங்கும். சோற்றின் இடத்தைக் கொள்ளு பிடித்தால் பலன். சோற்றோடு சேர்ந்து வந்தால் கூடுதல் சுமை.

சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். காலைநடை நல்லதுதான். ஆனால் சாப்பிட்டதும் நடக்கும் நடை அந்த வேளைச் சர்க்கரையைத் தொடைத் தசைக்குள் இழுத்துக்கொள்ளும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு நடக்கத் தெரியாமல் இல்லை. வருடத்தில் சில நாள் அத்தனை கிலோமீட்டர் நடந்துவிட்டு, மீதி நாளெல்லாம் தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர் எடுத்தால் முருகன் என்ன செய்வார்? நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் பத்துப் பதினைந்து தடவை உட்கார்ந்து எழுவதும் சேரட்டும். தசை வளர்ந்தால் சர்க்கரைக்கு இடம் கிடைக்கும்.

பிள்ளைகளின் பின்கழுத்தைப் பாருங்கள். குண்டான பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் கறுப்பாக, கொஞ்சம் தடித்து, வெல்வெட் துணிபோல ஒரு பட்டை தெரியும். "அழுக்கு" என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவக்கும், கறுப்பு போகாது. பெரும்பாலும் அது உடம்பு இன்சுலினுக்கு மசியவில்லை என்பதன் அடையாளம். பத்து வயதிலேயே ஈரலில் கொழுப்பு இருக்கலாம். தேய்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைக்கு எதிரே "குண்டு" என்று கேலி பேசும் பெரியப்பாவையும் நிறுத்துங்கள்.

கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்களே, வருடாவருடம் சர்க்கரையைப் பாருங்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007-லேயே கொண்டுவந்தது. டாக்டர் வி. சேஷையாவின் விடாமுயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. பிரசவம் ஆனதும் "அதெல்லாம் சரியாப் போச்சு" என்று அம்மிணிகள் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் சர்க்கரை நிலையாகவே வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு. சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்களும் இதே வரிசைதான்.

வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கிறார்கள். மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தாமல், ஈரல் பரிசோதனைக்கு எங்கே போவது என்றும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

செய்யக்கூடாதவை

நாட்டுச் சர்க்கரைக்குத் தனிச்சலுகை கொடுக்காதீர்கள். இதைச் சொன்னால் கொங்கு நாட்டில் அடி விழும், தெரியும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. 2019-ல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் வெள்ளைச் சர்க்கரையிலும் நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு ஒரே சுக்ரோஸ்தான். அதில் பாதி ஃபிரக்டோஸ். அந்தப் பாதியில் பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போய், மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாகிறது. கூட இருக்கும் துளி இரும்புச்சத்துக்காக அதைத் தின்பது கட்டுபடியாகாத வியாபாரம். கருப்பட்டியும் தேனும் தெளுவும் இதே கணக்கு. "இயற்கை" என்ற சொல்லைக் கல்லீரல் படிப்பதில்லை. பஞ்சாமிர்தம் பிரசாதம், ஒரு விரல் நுனி. டப்பாவும் கரண்டியும் அல்ல.

பேக்கரியில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்காதீர்கள். ஆளைப் பார்ப்பது, நிலம் பேசுவது, சம்பந்தம் பேசுவது எல்லாம் நம்மூரில் பேக்கரியில்தான். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், அதாவது 10 கிராம் சர்க்கரை என்று வைத்தாலும், நாளுக்கு ஐந்து டீ 50 கிராம். வருடத்துக்கு 18 கிலோ. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இதில் தேங்காய் பன், பப்ஸ், தேன் கேக் சேரவில்லை. டீ குடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "சக்கரை இல்லாம ஒண்ணு" என்று சொல்லப் பழகினால் போதும். காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகக் காப்பியை மருந்து என்று சொல்ல மாட்டேன்.

சிறுதானியத்தை அளவில்லாமல் சாப்பிடாதீர்கள். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் 67, கம்பில் 62. நாரும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல், அதனால் மேல்தான். ஆனால் ராகிக் களி இரண்டு உருண்டை என்றால் அது இரண்டு தட்டுச் சோறுதான். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் இன்னும் வேகமாகச் சர்க்கரை ஏறும். ராத்திரிச் சப்பாத்திக்கும் இதுவே. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் பத்தியச் சாப்பாடு ஆகாது.

செக்கு எண்ணெய் என்று ஊற்றாதீர்கள். காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் ஆனாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். தலைக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

"எஸ்ஜிபிடி நார்மல்" என்று நிம்மதி அடையாதீர்கள். கொழுப்பும் தழும்பும் இருந்தும் அந்த எண் சரியாக இருப்பவர்கள் நிறைய. ஈரல் வலிக்காது, காமாலை காட்டாது, கடைசிக் கட்டம் வரை சத்தமே போடாது.

லிவர் டானிக், மூலிகைப் பொடி, யூடியூப் கஷாயம் வேண்டாம். கீழாநெல்லி இங்கே காமாலைக்குக் கொடுப்பது. இது வேறு வியாதி. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடி குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கிய விவரத்தை மும்பை மருத்துவர்கள் முதலில் வெளியிட்டார்கள், பிறகு பல ஊர்களிலிருந்தும் வந்தது. ஏற்கெனவே சுமை ஏறிய ஈரலில் என்னவென்று தெரியாத பொடியைக் கொட்டுவது வீம்பு.

"பீர்தானுங்க" என்று சமாதானம் சொல்லாதீர்கள். குடிக்காதவருக்கே கொழுப்பு வருகிறது. கொழுப்பு இருக்கிறவர் குடித்தால் இரண்டும் சேர்ந்து தழும்பை விரைவாக்கும். ஈரலில் கொழுப்பு என்று தெரிந்தபின் பாதுகாப்பான அளவு என்று எதையும் பேச வேண்டாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை "ஈரலைக் கெடுக்கும்" என்று விடாதீர்கள். கொழுப்பு ஈரல் இருப்பவர்களை அதிகம் கொல்வது ஈரல் இல்லை, மாரடைப்பு போன்ற இதய நோய்கள். கொழுப்பு ஈரல் இருக்கிறது என்பதற்காக ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அதை டாக்டர் எழுதியிருந்தால் காரணம் இருக்கும்.

எடை குறைக்கும் ஊசியைத் தெரிந்தவர் சொன்னார் என்று போடாதீர்கள். டிர்செபடைடும் செமாகுளுடைடும் 2025-ல் எடைக்கான ஊசியாக இந்தியச் சந்தைக்கு வந்தன. வேலை செய்கின்றன, ஈரலுக்கும் நல்லது செய்வதாகத் தெரிகிறது. ஆனால் வாந்தி, பித்தப்பைக் கல் போன்ற தொந்தரவுகள் உண்டு. நிறுத்தினால் எடை திரும்பிவிடும். சோறு குறையும்போது புரதம் எடுத்து, தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் கொழுப்போடு சதையும் போகும். யாருக்கு, எவ்வளவு என்பதைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று பட்டினி கிடக்காதீர்கள். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சோற்றைப் பாதியாக்கினால் லோ சுகர் ஆகி, வண்டி ஓட்டும்போதே கண் இருட்டும். குறைக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும், அதைவிட வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் வரலாம். மூன்று மாதம் கழித்து இடுப்பு, எடை, ஹெச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எல்லாவற்றையும் அதே லேபில் மறுபடி பாருங்கள். வயிறு நீர் கோர்த்ததுபோல வீங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ மூன்று மாதம் பார்க்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.